தூத்துக்குடிக்குத் தெரிந்த விக்டர்

போன மாதம் ஒரு கல்லறைக்கல் கடைக்குப் போயிருந்தேன். எனக்காக இல்லை... பயப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டு விக்டர் அண்ணன் துணைக்குக் கூப்பிட்டார். பருத்திப்பட்டில் பதினெட்டு வருடமாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே காம்பவுண்டு சுவர். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி பிலோமினா அக்கா போன வருடம் செப்டம்பரில் இறந்துபோனார். முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்குள் கல்லறையில் கல் பதித்துவிட வேண்டும். அதற்காகத்தான் பூந்தமல்லி ரோட்டில் இருக்கும் அந்தக் கடைக்குப் போனோம்.

"மேட்டர் எழுதிக்கினு வந்தியா சார்?" என்றார் கடைக்காரர்.

விக்டர் அண்ணன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். பெயர், தோற்றம், மறைவு, கடைசி வரியில் 'ராபினின் அன்புத் தாய்'. கடைக்காரர் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

"புள்ள ஒண்ணுதானா சார்? வேற பேர் எதனா சேக்கணும்னா இப்பவே சொல்லிடு. கல்லுல வெட்டிட்டா அப்புறம் சேக்க முடியாது."

விக்டர் அண்ணன் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். பிறகு, "இன்னொண்ணு கீது," என்றார். "பொண்ணு. ராபினுக்கு மூத்தது."

"பேர் சொல்லு சார்."

"தெர்ல."

கடைக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் சாய்த்து வைத்திருந்த கருங்கல் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற மகளின் பெயர் தெரியாத அப்பா உண்டா? சரி, அது அவர் பிரச்னை. பதினெட்டு வருடம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு, அந்த வீட்டில் இப்படி ஒரு மகள் இருந்ததே தெரியாது.

எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார்.

அக்காவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். முப்பத்தெட்டு வருடம் முன்பு. எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. பெண் குழந்தை. சில மணி நேரம்தான் இருந்தது. அன்று சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டு, மறுநாள் தொழிற்சாலைக்குத் தந்தி அடித்தார்கள். குழந்தை இறந்துவிட்டது, அடக்கம் முடிந்தது, தாய் நலம்.

"தாய் நலம்னு போட்டிருந்தாங்களா... சரி, நல்லாத்தான் கீதுன்னு நெனச்சுகினேன். எல்லாம் முடிஞ்சிடிச்சி, இப்ப போயி நாம இன்னா பண்ணப்போறோம்னு தோணுச்சு. பத்து நாள் கழிச்சிதான் போனேன்பா."

போனவரை மாமியார் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார். 'அவகிட்ட எதுவும் கேட்டுராதீங்க மருமவனே. இப்பதான் அழுகைய நிறுத்திருக்கா.'

மருமகன் சொன்ன சொல் தட்டாதவர். கேட்கவில்லை. அடுத்த மாதம் அக்கா ஆவடி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வந்தபோதும் கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து ராபின் பிறந்தபோதும் கேட்கவில்லை. அந்த ஊர்ப் பக்கமே அதன் பிறகு போகவில்லை. கல்யாணத்துக்கு ஒருமுறை, அந்தப் பத்தாம் நாள் ஒருமுறை... அவ்வளவுதான் அவருக்கும் தூத்துக்குடிக்கும்.

"கேக்கலாம்னு இருக்கும். வாய் வராது. நாள் ஆவ ஆவ, இத்தினி வருசம் கேக்காதவன் இப்ப இன்னாத்துக்குக் கேக்கறான்னு நெனச்சுக்குமோன்னு பயம் வந்துடுச்சு," என்றார். டீ ஆறிப்போயிருந்தது.

ஆண் வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நெளியலாம். நானும் நெளிந்தேன். நாம் அப்படித்தானே? தெரியாத ஊரில் வண்டியை நிறுத்தி வழி கேட்க மாட்டோம்... அரைமணி நேரம் சுற்றுவோம். சமையலறையில் பாத்திரம் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைக்கப்பட்டால், என்னம்மா என்று எழுந்து போக மாட்டோம். பேப்பரை இன்னும் அகலமாகப் பிரித்துக்கொள்வோம். கேட்டால், 'அவளை நோகடிக்க வேண்டாமே என்றுதான்' என்போம். நோகடிக்காமல் இருக்கிறோமா, நாம் நோகாமல் இருக்கிறோமா?

பிலோமினா அக்கா வருடா வருடம் நவம்பரில் தனியாகத் தூத்துக்குடி போவார். கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றும் நாள். அம்மா அப்பா கல்லறைக்குப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். திரும்பும்போது மக்ரூன் வாங்கி வருவார். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்கிற அந்த ஊர்ப் பண்டம், நாக்கில் வைத்தால் கரைந்துவிடும். "தம்பி, புள்ளைகளுக்குக் குடுங்க" என்று ஒரு பாக்கெட் சுவர் தாண்டி வரும். பிள்ளைகளுக்கு வந்ததில் பாதியை நான்தான் தின்றிருப்பேன்.

போன காரியம் என்ன அக்கா என்று ஒரு வருடமாவது கேட்டிருக்கிறேனா? இல்லை. இதில் விக்டர் அண்ணனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

இப்போது யாரைக் கேட்பது? அக்காவின் அம்மா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. ஒரே தம்பி கப்பல் வேலைக்குப் போய், எங்கோ குடியேறி, தொடர்பே விட்டுப்போயிற்று. எங்கள் பக்கத்து சர்ச்சின் பங்குச்சாமியார்தான் வழி சொன்னார். அந்த ஊர்க் கோயில் ரெஜிஸ்டரில் பெயர் இருந்தாலும் இருக்கலாம், நேரில் போய்ப் பாருங்கள் என்றார்.

"நீயும் வாயேன் நைனா. அந்த ஊரு பாஷ எனக்குப் பாதி புரியாது," என்றார் விக்டர் அண்ணன். பாஷைக்காக இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

எழும்பூரில் சாயங்காலம் ரயில் ஏறினோம். தாம்பரம் தாண்டியதும் என் மனைவி கட்டிக் கொடுத்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். விக்டர் அண்ணன் தொடவில்லை.

"துபாய்க்கு போன் போட்டு ராபினைக் கேட்டேன்பா," என்றார். "அவனுக்கு அக்கா இருந்தது தெரிஞ்சிருக்கு. சின்னப் புள்ளைலயே அம்மா சொல்லிக்கீது. எனக்குத்தான் தெரியாது, அவனுக்குத் தெரியும்னு."

"பெயர்?"

"பேரு இன்னாம்மான்னு இவன் கேட்டிருக்கான். 'உங்கப்பா கேக்கட்டும்டா, அப்ப ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லுதேன்'னு சொல்லிச்சாம்."

இட்லியை நான் அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

தூத்துக்குடி ரொம்ப தூரம். ஆவடிக்காரனுக்குத் தாம்பரமே வெளியூர். இந்த ரயிலோ இறங்கிக்கொண்டே இருக்கிறது, இனி நிலமே மிச்சமில்லை என்கிற இடம் வரைக்கும். காலையில் இறங்கியபோது வெயில் அதற்குள் சுள்ளென்று இருந்தது. காற்றில் மீன் வாடையும் உப்பும். ஆட்டோவில் போகும்போது லாரி லாரியாக உப்பு மூட்டைகள் துறைமுகப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. சாலையோரக் கம்பங்களில் ஏறி நின்று, சீரியல் பல்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மாதா கோயில் திருவிழா முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

"நான் வந்தப்ப இந்த லைட்டுங்க எரிஞ்சிகினு இருந்துச்சு," என்றார் விக்டர் அண்ணன். "நான் மட்டும் எதுத்தாப்புல பொட்டியோட நடந்து வரேன். ஊரே சிரிச்சிகினு போவுது."

அக்காவின் குடும்பம் சேர்ந்த கோயில் பெரிது இல்லை. மீன்பிடிப் படகுகள் நிற்கும் கரைக்கு இரண்டு தெரு உள்ளே. அலுவலகத்தில் உபதேசியார் இருந்தார். சாமியாருக்கு அடுத்தபடி கோயில் காரியம் எல்லாம் பார்ப்பவர், ரெஜிஸ்டர் அவர் பொறுப்பு. அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கதர்ச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி.

விக்டர் அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். சென்னைப் பக்கம் இருந்து வருகிறோம், இந்தக் கோயிலைச் சேர்ந்த பிலோமினா என்பவரின் முதல் குழந்தை, முப்பத்தெட்டு வருடம் முன்பு, பிறந்த அன்றே இறந்தது, பெயர் வேண்டும்.

"எந்த மாசம்?"

"ஊர்ல திருவிழா லைட்டு போட்டிருந்தாங்க. அதுக்குப் பத்து நாள் முன்ன," என்றார் விக்டர் அண்ணன். பேசியது அது ஒன்றுதான்.

"அப்ப ஜூலைக் கடைசி," என்று எழுந்தவர், பீரோவைத் திறக்கும் முன் நின்றார். "ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதீங்க. ஞானஸ்நானம் குடுத்திருந்தாத்தான் பேரு இருக்கும். இல்லன்னா அந்தக் காலத்துல பேரில்லாமத்தான் அடக்குவாவ."

சாகக் கிடக்கும் குழந்தைக்குச் சாமியார் வரும் வரை காத்திருக்க மாட்டார்களாம். பக்கத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, ஞானஸ்நானம் கொடுக்கலாம். நர்ஸ் கொடுக்கலாம். ஆயா கொடுக்கலாம். வேற்று மதத்துக்காரர்கூடக் கொடுக்கலாம். அந்தச் சில மணி நேரத்தில் யாருக்காவது அது தோன்றியிருக்க வேண்டும்.

ரெஜிஸ்டரின் ஓரங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. உபதேசியாரின் விரல் வரி வரியாக இறங்கியது. ஒரு பக்கம். இன்னொரு பக்கம். விக்டர் அண்ணன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"இருக்கு," என்றார் உபதேசியார். "ஆஸ்பத்திரியில வச்சு அவசர ஞானஸ்நானம். குடுத்தது..." கண்ணாடியைச் சரிசெய்தார். "தாய். பெத்தவளே தண்ணி ஊத்தியிருக்கா."

விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார்.

"பேரு ஸ்டெல்லா மேரி. தாய் பிலோமினா. தகப்பன் விக்டர். ஊரு ஆ..."

விரல் அங்கேயே நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு விக்டர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆவடி விக்டரா? நீங்களா?"

விக்டர் அண்ணன் விழித்தார். இந்த ஊரில் இவரைத் தெரிந்த ஒரு ஆள் கிடையாது.

"இருவத்தஞ்சு வருசமா உங்க பேர நாந்தானய்யா வாசிக்கேன்," என்றார் உபதேசியார்.

கோயிலுக்குப் போகாத வாசகர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பவர்கள், யார் கொடுக்கிறார், யாருக்காகக் கொடுக்கிறார் என்று ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள். பூசை தொடங்கும் முன் அதை மைக்கில் வாசிப்பார்கள். பிலோமினா அக்கா ஒவ்வொரு நவம்பரும் எழுதிக் கொடுத்த சீட்டில், கொடுப்பவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதியதே இல்லை. 'ஆவடி விக்டர், தன் மகள் ஸ்டெல்லா மேரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.' வருடா வருடம் அதே வரி. வருடா வருடம் அந்தக் கோயில் முழுக்க அது ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறது. ஆவடியில் அந்த நேரம் ஆவடி விக்டர் டிவி பார்த்துக்கொண்டிருந்திருப்பார். பக்கத்து வீட்டில் நான்... மக்ரூனுக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பேன்.

"நானும் கேப்பேன். 'ஏம்மா, தகப்பன் வரலியா'ன்னு. 'அவுக வரணும்னுதான் இருந்தாக அண்ணாச்சி, லீவு கெடைக்கல'ம்பாவ. மிலிட்டரி பாக்டரி, லீவு குடுக்க மாட்டாவன்னு நாங்களும் நெனச்சுக்குவோம்." உபதேசியார் சிரித்தார். "போன வருசம் அம்மாவக் காணலியே. சொகமா இருக்காவளா?"

விக்டர் அண்ணன் குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன். உபதேசியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ரெஜிஸ்டரை மெல்ல மூடினார்.

கல்லறைத் தோட்டத்துக்கு அவரே கூட வந்தார். குழந்தைகளுக்கென்று மதில் ஓரமாக ஒரு பகுதி. முப்பத்தெட்டு வருடத்தில் அங்கே மண்ணைப் பலமுறை கிளறி, பல குழந்தைகளை வைத்தாகிவிட்டது. ஸ்டெல்லா மேரிக்கென்று ஒரு மேடும் மிச்சமில்லை.

"இன்ன எடம்னு என்னால சொல்ல முடியாது," என்றார் உபதேசியார். "ஆனா அம்மா இங்கனதான் நிப்பாவ. இந்த வேம்புக்கு இந்தப் பக்கம்."

விக்டர் அண்ணன் அங்கே போய் நின்றார். மெழுகுவத்தி வாங்கி வர மறந்திருந்தோம். பூவும் இல்லை. இரண்டு ஆண்கள் கிளம்பி வந்தால் இப்படித்தான். அவர் செருப்பை மட்டும் கழற்றிப் போட்டார். கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு ரொம்ப நேரம் நின்றார். நகரச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

பிறகு ராபினுக்கு போன் போட்டார். "உங்கக்கா பேரு ஸ்டெல்லா மேரிடா," என்றார். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, இவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழ ஆரம்பித்தார். பதினெட்டு வருடத்தில், அக்காவின் அடக்கத்தன்றுகூட, அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் தாங்கவில்லை. தள்ளிப் போய் நின்று, கல்லறைக்கல் கடைக்கு போன் செய்து, பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

அன்று சாயங்காலப் பூசைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் விக்டர் அண்ணன். அலுவலக மேஜையில் உட்கார்ந்து எழுதினார். மூன்று பெயர். கால்மணி நேரம் ஆயிற்று.

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். உபதேசியார் மைக் முன்னால் வந்து நின்றார். சீட்டைப் பிரித்தார்.

"ஆவடி விக்டர், தன் மனைவி பிலோமினா, மகள் ஸ்டெல்லா மேரி ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

எங்களுக்கு முன் வரிசையில் இருந்த பெண்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இறந்தவர்கள் வரிசையில் மனைவி பிலோமினா என்பது அவர்களுக்குப் புதிது. இத்தனை வருடத்தில் முதல்முறை கேட்கிறார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர்களில் ஒருவர் எங்களிடம் வந்தார். மீன் வியாபாரம் செய்கிற அம்மா. வயது எழுபது இருக்கும். கல்லறைத் திருநாளுக்கு வரும் அக்கா இவர் வீட்டில்தான் தங்குவாராம். உபதேசியார் விஷயம் சொல்லியிருக்க வேண்டும். அழுத முகம்.

"நீங்கதான் அவ வீட்டுக்காரரா?" என்று விக்டர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, குத்தலே இல்லாமல், உண்மையான கரிசனத்தோடு கேட்டார்: "இப்பவாது லீவு கெடைச்சுதாய்யா?"

விக்டர் அண்ணன் தலையாட்டினார்.

அந்த அம்மா போன பிறகு கோயில் படியில் உட்கார்ந்தோம். கடல் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"கடைசி வரிக்கும் என்னிய உட்டுக் குடுக்கலபா அது," என்றார். பிறகு, "ரிட்டயர் ஆவும்போது எனக்கு எடுக்காத லீவு முந்நூறு நாள் மிச்சம் இருந்துச்சு. தெரியுமா உனக்கு?"

எப்படித் தெரியாமல் போகும்? அவர் ஓய்வு பெற்றபோது எங்கள் தெருவில் வைத்த பாராட்டு விழாவில் அவருக்குச் சால்வை போர்த்தி, 'குடும்பக் காரியத்துக்குக்கூட லீவு எடுக்காத உத்தமர்' என்று மைக் பிடித்துப் பேசியவன் நான்தான். முன் வரிசையில் உட்கார்ந்து பிலோமினா அக்காவும் கை தட்டினார்.